மூதவைக்குப் போன வாய்க்கால் தண்ணீர்

இரணைமடுக் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் குடியேறிய சனங்கள் அரசாங்கத்திடம் கேட்டது ஒரு மருந்துச்சாலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் இல்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து கலக்கித் தர ஒரு அப்போதிக்கரி வந்தால் போதும் என்றுதான் கேட்டார்கள். அந்த வேண்டுகோள் கொழும்புக்குப் போய், கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சர்வகலாசாலையாகத் திரும்பி வந்தது. வீடு தேடி வந்ததை வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை என்று சனங்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

அது வெறும் சர்வகலாசாலை அல்ல, ஆராய்ச்சிச் சர்வகலாசாலை என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். வாசலில் இரண்டு கல் யானைகள் வைத்தார்கள். காட்டுக்குள்ளிருந்து வந்த உண்மையான யானை ஒன்று அவற்றில் ஒன்றைத் தள்ளி விழுத்திவிட்டதால் மற்றது தனியே நின்றது. உள்ளே மணிக்கூட்டுக் கோபுரம், பேராசிரியர்கள் கூடித் தீர்மானம் எடுக்கிற மூதவை மண்டபம், உபவேந்தருக்கு மாடிவீடு எல்லாம் எழும்பின. வரைபடம் போட்டவர் வெளிநாட்டுக்காரர். அவருடைய படத்தில் மூதவை மண்டபத்துக்கு முன்னால் ஒரு ஆறு ஓடியது. கட்டிடம் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தால்தான் சர்வகலாசாலைக்கு ஒரு கம்பீரம் வரும் என்பது அவருடைய எண்ணம். வன்னியில் அந்த இடத்தில் ஆறு இல்லாததால் பெரிதாக ஒரு அலங்காரக் குளம் வெட்டினார்கள்.

உபவேந்தர் வந்தார். பதிவாளர் வந்தார். பீடாதிபதிகள், பேராசிரியர்கள், விரிவுரையாளர்கள், காவலுக்கு வாச்சர்மார் எல்லாரும் வந்தார்கள். மாணவர்கள் மட்டும் வரவில்லை. மாணவர்களைச் சேர்ப்பதற்கான விதிகளை எழுத ஒரு உபகுழு நியமிக்கப்பட்டிருந்தது. அந்தக் குழு 'மாணவர் எனப்படுவோர் யாவர்' என்ற முதலாம் பிரிவிலேயே இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தது.

கமலாசனிக்கும் அவள் புருஷன் அப்புத்துரைக்கும் இந்தச் சர்வகலாசாலையோடு ஒரு கதையும் இருக்கவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் அது. இந்தப்பக்கம் அவர்களுடைய வயல். புலோலியில் தோட்டம் செய்ய இரண்டு பரப்புக் காணிகூட இல்லாமல், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்ததென்று வந்தவர்கள். வந்த முதல் வருடம் பன்றி தின்றது. அடுத்த வருடம் வெள்ளம் தின்றது. இந்தக் கோடைக்காலச் சிறுபோகத்தில்தான் நெல் முகம் பார்த்துச் சிரிக்கிற மாதிரி வந்திருந்தது. பயிர் குடலை தள்ளுகிற நேரம், தாளுக்குள் கதிர் திரண்டு வெளியே வர வழி தேடுகிற நேரம், வாய்க்கால் வற்றிப் போயிற்று.

அப்புத்துரை வாய்க்கால் வழியே நடந்து பார்த்தான். தண்ணீர் சர்வகலாசாலை மதில்வரை நன்றாக வந்தது. மதிலுக்குள் போனது. வெளியே வரவில்லை. உள்ளே வாய்க்கால் மதகான துருசு அவர்கள் வயற்பக்கம் பலகை போட்டு அடைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் எல்லாம் அலங்காரக் குளத்துக்குப் போய், மூதவை மண்டபத்தைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருந்தது.

நீர்ப்பாசன ஓவசியர், மதிலுக்கு உள்ளே ஓடும் வாய்க்கால் தன் பொறுப்பல்ல என்று கையை விரித்தார். அப்புத்துரை சர்வகலாசாலைக்குப் போனான். முதல் நாள் வாசலில் நிற்பாட்டினார்கள். அடுத்த நாளும் நிற்பாட்டினார்கள். அதற்கடுத்த நாள் அவன் வாசலில் நின்று சில வார்த்தைகளைச் சத்தமாகச் சொன்னான். அவை உள்ளே மொழியியற் பேராசிரியரின் அறைவரை கேட்டன. அவர் ஆர்வத்தோடு குறிப்பெடுத்தார் என்றும், அப்புத்துரை இனிமேல் அந்த வாசலை மிதிக்கக்கூடாதென்று உத்தரவானது என்றும் சொன்னார்கள்.

"இனி நீர்தான் போக வேணும்," என்றான் அப்புத்துரை. "எனக்கு அங்கை கதைக்கத் தெரியேல்லை."

கமலாசனி கலியாணக் கூறைக்கு அடுத்தபடியாக இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். வாசலில் பஸ்தியாம்பிள்ளை என்ற வாச்சர் இருந்தார். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். கடலில் வலை இழுத்த கைகள் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு கயிற்றை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன. பெண்பிள்ளை என்று இரக்கப்பட்டுப் பதிவாளரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

பதிவாளர் மயில்வாகனம் நல்ல மனுசன். குரலை உயர்த்தாதவர். கமலாசனி சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். பிறகு, இதை மூதவைதான் தீர்மானிக்க வேண்டும் என்றார். மூதவைக்கு முன்னால் ஒரு விஷயத்தை வைக்கிற உரிமை மூன்று பகுதியாருக்குத்தான் உண்டு: அரசாங்கம், ஆசிரியர், மாணவர். வெளியார் மூதவையோடு கதைக்க விதியில் இடமில்லை.

"நான் அரசாங்கமும் இல்லை, வாத்தியாரும் இல்லை," என்றாள் கமலாசனி.

"அதுதான் பிள்ளை கஷ்டம்," என்று பதிவாளர் பெருமூச்சு விட்டார். பிறகு ஏதோ நினைத்தவராக அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீர் எதுவரைக்கும் படிச்சனீர்?"

"எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினனான், ஐயா. பிறகு கலியாணம் முடிச்சு வைச்சிட்டினம்."

பதிவாளர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். கொழும்பிலிருந்து ஒரு ஆணைக்குழு வரப்போகிறது. இந்தச் சர்வகலாசாலையைத் தொடர்ந்து நடத்துவதா மூடுவதா என்று பார்க்கப் போகிறது. வருகிறவர்கள் கட்டாயம் மாணவர்களைப் பார்க்கக் கேட்பார்கள் என்ற கவலையில் அவர் ஒரு மாதமாக நித்திரையில்லாமல் இருந்தார். உபவேந்தர் தம்முடைய விசேட அதிகாரத்தில் ஒரு மாணவரை நேரே சேர்க்கலாம் என்று அவருக்கு அந்தக் கணம் ஞாபகம் வந்தது. மாணவி ஆகிவிட்டால் அவள் மூதவைக்கு முன்னால் எதையும் வைக்கலாம். அவர்களுக்கும் ஒரு மாணவி ஆயிற்று.

தண்ணீர் வருமென்றால் எதுவாக இருந்தாலும் சரி என்றாள் கமலாசனி.

அனுமதி விழா அந்தக் கிழமையே நடந்தது. வைகாசி வெயிலில் கம்பளித் துணியில் தைத்த கறுப்பு அங்கியை அவளுக்குப் போட்டுவிட்டார்கள். அது குளிர்தேசத்து அளவு. அவள் உள்ளே எங்கோ இருந்தாள். உபவேந்தர் கலாநிதி கதிர்காமநாதன் பேச எழுந்தார். இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தவர். அங்கே குளிருக்குக் கட்டிய கழுத்துத் துண்டை இங்கே வியர்வை துடைக்கப் பாவித்தார்.

"இந்தச் சர்வகலாசாலையின் சரித்திரம் பெருமைக்குரியது," என்றார் அவர். "கடந்த இரண்டு வருடங்களில் எமது மாணவர் ஒருவர்கூடப் பரீட்சையில் தவறியதில்லை. ஒழுக்கக்கேடு ஒன்றுகூட நிகழவில்லை. நூலகத்திலிருந்து ஒரு புத்தகமாவது காணாமற் போகவில்லை. உலகத்தின் பழம்பெரும் சர்வகலாசாலைகள் எவையும் இப்படிச் சொல்ல முடியாது. இன்று நாங்கள் ஒரு மாணவியைச் சேர்த்துக்கொள்கிறோம். இது துணிச்சலான முடிவு என்பதை நான் அறிவேன். இந்த உயர்ந்த தரத்தை அவர் கெடுத்துவிடமாட்டார் என்று நம்புவோமாக."

பேராசிரியர்கள் கை தட்டினார்கள். கமலாசனி அங்கிக்குள்ளே கையைத் தேடிக் கும்பிட்டாள்.

அதன்பிறகுதான் மாணவி என்றால் எவ்வளவு வேலை என்பது அவளுக்குத் தெரிந்தது. மாணவர் சங்கத்துக்குத் தலைவர் வேண்டும், செயலாளர் வேண்டும், இருவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்று விதி இருந்தது. ஆகவே காலையில் தலைவராகவும் மத்தியானத்துக்குப் பிறகு செயலாளராகவும் இருந்தாள். தேர்தல் இரகசிய வாக்கெடுப்பாக நடந்தது. பெட்டியை மூன்று பேராசிரியர்கள் காவல் காத்து, அவள் போட்ட ஒரு வாக்கை எண்ணி, போட்டி கடுமையாக இருந்ததாக அறிவித்தார்கள். விளையாட்டுப் போட்டியில் அவள் ஓடினாள். அங்கியோடு ஓட வேண்டியிருந்ததால் முதலாவதாக வர வெகுநேரம் பிடித்தது.

பெரிய சிக்கல் விடுதியால் வந்தது. மாணவிகள் விடுதியில்தான் தங்க வேண்டும். கமலாசனிக்கு வீட்டில் மாடு, கோழி, சமையல், புருஷன் எல்லாம் இருந்தன. விட்டுவிட்டு வரமுடியாது என்றாள். பதிவாளர் யோசித்து, அவளுடைய மண்வீட்டையே சர்வகலாசாலையின் பெண்கள் விடுதி என்று பிரகடனம் செய்தார். விடுதிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமே. அங்கே இருப்பவர் அப்புத்துரைதான். அவனையே நியமித்தார்கள். ஆனால் பெண்கள் விடுதிக்குள் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஆண்கள் நிற்கக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. ஒரு கிழமையாக அப்புத்துரை பின்னேரமானால் பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனான்.

"தண்ணி கேக்கப் போனீர், இப்ப வீடும் போச்சு," என்றான் அவன். கோபத்தில் சொன்னானோ சிரிப்பில் சொன்னானோ கமலாசனிக்குத் தெரியவில்லை. அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியபோது அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூதவை திருத்தம் கொண்டுவந்த பிறகே அவன் வீட்டுக்குள் படுத்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. விரிவுரை. ஒவ்வொரு காலையும் அவள் விரிவுரை மண்டபத்துக்குப் போய் முன் வாங்கில் உட்காருவாள். பேராசிரியர்கள் எல்லாரும் குழுக்கூட்டத்தில் இருப்பார்கள். நேரம் போனதும் பஸ்தியாம்பிள்ளை வந்து, "இண்டைக்கும் இல்லைப் பிள்ளை, வீட்டை போம்," என்பார்.

தண்ணீர் விஷயத்தை அவள் முதல் நாளே மூதவைக்கு முன்னால் வைத்துவிட்டாள். மூதவை அதை மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொண்டது. அதுதான் வில்லங்கமாகப் போயிற்று. வாய்க்காலில் ஓடுகிறபடியால் அது தங்களுடைய பொருள் என்றது பொறியியற் பீடம். இரணைமடுப் பக்கம் பழைய அணைக்கட்டு இருந்தபடியால் அந்தத் தண்ணீர் தொல்பொருள், அதைக் கண்டபடி திறந்துவிட முடியாது என்றார் சரித்திரப் பேராசிரியர். அவர் அப்போது சர்வகலாசாலையின் வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வருடச் சரித்திரம் போதாது என்று பின்னோக்கி எழுதத் தொடங்கி, வளவுக்குள் கிடைத்த ஒரு பழைய செங்கல்லின் உதவியால் வன்னியரசர் காலம்வரை போயிருந்தார். கடைசியாக விவசாயப் பேராசிரியர் எழுந்து, விண்ணப்பதாரியின் வயலை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றார். கமலாசனிக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

அவர் வந்தார். வரம்பில் நின்று, நுனி கருகத் தொடங்கிய பயிரைப் பார்த்தார். வெடித்த நிலத்துக்குள் கைத்தடியை விட்டு ஆழம் பார்த்தார். முகம் மலர்ந்தது. இப்படிச் சீராகச் சாகிற பயிரை இலங்கையில் தான் எங்கும் கண்டதில்லை என்று உபவேந்தருக்கு அறிவித்தார். அடுத்த நாள் வயலுக்கு நடுவில் ஒரு பலகை நட்டார்கள்: 'வறட்சி ஆராய்ச்சி நிலையம். நீர் ஊற்றுவது தடைசெய்யப்பட்டுள்ளது.'

அதுவரைக்கும் அப்புத்துரை கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஒரு மூலையையாவது நனைத்துக்கொண்டிருந்தான். இனி அதுவும் இல்லை. ஒரு வாச்சரைக் காவலுக்குப் போட்டார்கள். அன்று அப்புத்துரை மாட்டைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தான் போய்க் கேட்டதால்தான் இந்த நிலை வந்தது என்று கமலாசனிக்கு நெஞ்சு எரிந்தது.

பயிர் எப்படிச் சாகிறது என்று தினமும் பார்த்துச் சொல்ல ஒரு இளம் விரிவுரையாளரை அனுப்பினார்கள். பெயர் தில்லைநாதன். சைக்கிளில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். முதல் நாள் கமலாசனியின் முகத்தைப் பார்க்காமலே வேலை பார்த்தான். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஒரு தாளைப் பிளந்து, உள்ளே மடங்கிக் கிடந்த இளங்கதிரை எடுத்து, மரப்பெட்டியிலிருந்த நுணுக்குக்காட்டியை வரம்பில் வைத்துப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, "வந்து பாருங்கோ அக்கா," என்றான்.

கமலாசனி குனிந்து ஒரு கண்ணை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவன் ஏதோ ஒரு திருகைத் திருப்பினான். திடீரென்று ஒரு பச்சை அறை திறந்தது. அறைக்குள்ளே மெல்லிய நூல்களில் மஞ்சட் பைகள் தொங்கின. நடுவில் இரண்டு இறகுகள் கைகோத்துக்கொண்டு நின்றன. வாழ்நாள் முழுக்க நெல்லோடு கிடந்தவள் அவள். நாற்று, களை, சூடடிப்பு, அரிசி, உமி எல்லாம் தெரியும். இது இதற்குள் இருந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"இது இன்னும் உயிரோடை இருக்கோ?" என்று கேட்டாள்.

"ஓம். பத்து நாளைக்குள்ளை தண்ணி வந்தால் மணி பிடிக்கும். இல்லையெண்டால் எல்லாம் பதர்தான்."

இதை மூதவையில் சொல்லக்கூடாதா என்று அவள் கேட்டாள். இளம் விரிவுரையாளர்கள் ஐந்து வருடம் முடியும்வரை மூதவையில் வாய் திறக்கக்கூடாது என்று விதி இருப்பதை அவன் தலைகுனிந்து சொன்னான். அவனுக்கு இன்னும் மூன்றரை வருடம் இருந்தது.

ஆணைக்குழு வருகிற நாள் நெருங்கியது. பதிவாளர் ஒருநாள் கமலாசனியைக் கூப்பிட்டு, மிகவும் சங்கோசத்தோடு ஒரு உதவி கேட்டார். பேர்பெற்ற சர்வகலாசாலைகளில் எல்லாம் மாணவர் பகிஷ்கரிப்பு என்று ஒன்று நடக்கும். இங்கே இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. ஆணைக்குழு வந்து மாணவர் இயக்கம் எப்படி என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே அவள் சின்னதாக ஒரு பகிஷ்கரிப்பு, ஒரு நாளைக்கு, செய்தால் நல்லது. காரணமும் அவரே யோசித்து வைத்திருந்தார்.

"விடுதிச் சாப்பாடு சரியில்லை எண்டு சொல்லும் பிள்ளை. எல்லா இடத்திலையும் அப்பிடித்தான் தொடங்கிறது."

"விடுதியிலை நான்தானே ஐயா சமைக்கிறன்," என்றாள் கமலாசனி. பிறகு கொஞ்சம் யோசித்து, காரணத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அடுத்த நாட் காலை அவள் அங்கியைப் போட்டுக்கொண்டு தன் வயல் வரம்பில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் வந்தால்தான் எழும்புவேன் என்றாள். சர்வகலாசாலை பெருமிதத்தில் மிதந்தது. பதாகை எழுத வர்ணம் கொடுத்தார்கள். ஒரு பேராசிரியர் வந்து முழக்கம் சொல்லிக் கொடுத்தார். சரித்திரப் பேராசிரியர் 'மாணவர் எழுச்சி' என்று புதிய அத்தியாயம் தொடங்கினார். பின்னேரம் பதிவாளர் நேரில் வந்து, பகிஷ்கரிப்பு மிகவும் நன்றாக நடந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நன்றி சொன்னார்.

கமலாசனி போகவில்லை.

மறுநாளும் இருந்தாள். அப்புத்துரை பக்கத்தில் ஒரு பனையோலைக் குடையை நட்டுவிட்டு அவளோடு இருந்தான். அவன் கொண்டுவந்த கஞ்சியை இருவரும் குடித்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியேற்றக்காரர் ஒவ்வொருவராக வந்து வரம்பில் குந்தினார்கள். காவலுக்குப் போட்ட வாச்சரும் குந்தினார்.

மூன்றாம் நாள்தான் மூதவைக்கு விஷயம் பிடிபட்டது. அடுத்த நாள் ஆணைக்குழு வருகிறது. வந்து மாணவர்கள் எங்கே என்று கேட்கும். மாணவர்கள் அனைவரும் வரம்பில் இருக்கிறார்கள். உபவேந்தர் அங்கியோடும் கழுத்துத் துண்டோடும் வெடித்த வயலுக்குள் இறங்கி வந்தார். பின்னால் பேராசிரியர்கள் வரிசையாக, வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி வந்தார்கள்.

உபவேந்தர் வெகுநேரம் பேசினார். அறிவு என்பது தாகம் என்றார். தாகத்தைப் பொறுத்துக்கொள்வதே கல்வி என்றார். அறிவின் பாதையில் ஒரு வயல் பெரிதல்ல, இரண்டு வயலும் பெரிதல்ல என்றார். கமலாசனி எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டாள். அவர் முடித்ததும், "நான் கேட்டது ஒண்டுதான் ஐயா," என்றாள். "துருசைத் திறவுங்கோ. நாளைக்கு நான் எங்கை நிக்கச் சொல்லுறியளோ அங்கை வந்து நிக்கிறன்."

மூதவை கூடாமல் துருசைத் திறக்க முடியாது என்றார் உபவேந்தர். அப்போது பதிவாளர் மெதுவாக, மூதவை உறுப்பினர்கள் எல்லாரும் இங்கேயேதான் நிற்கிறார்கள் என்று நினைவூட்டினார். ஆகவே மூதவை வரம்பிலேயே கூடியது. ஒவ்வொருவரும் தங்கள் தகுதிப்படி உட்கார வேண்டியிருந்ததால் வரம்பில் இடம் பிடிக்கவே நேரம் போனது. குளத்தைத் திறந்தால் நாளைக்கு மண்டபம் தலைகீழாகத் தெரியாதே என்று ஒருவர் கலங்கினார். மாணவி இல்லாவிட்டால் மண்டபமே இருக்காது என்றார் இன்னொருவர். விவசாயப் பேராசிரியர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் ஒரு கிழமை விட்டால் பயிர் முழுக்கச் செத்துவிடும், இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கைவிடுவதா என்று கேட்டபோது அவருடைய குரல் தழுதழுத்தது. கடைசியில் பதிவாளர்தான் வழி கண்டார். வறட்சி ஆராய்ச்சி வெற்றிகரமாக முடிந்தது. இனி நீர் ஆராய்ச்சி தொடங்குகிறது. எல்லாரும் கை உயர்த்தினார்கள். கலப்பை பிடித்தே பழகிய அப்புத்துரையும் கை உயர்த்தினான். அதையும் எண்ணினார்கள்.

பஸ்தியாம்பிள்ளை துருசடிக்குப் போய்ப் பலகையைப் பிடுங்கினார். முதலில் காய்ந்த சருகுகள் வந்தன. பிறகு நுரை வந்தது. பிறகு தண்ணீர், வாய்க்காலின் வாயை நனைத்துக்கொண்டு, வெடிப்புகளுக்குள் குளுகுளுவென்று இறங்கியது. பேராசிரியர்கள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். அப்புத்துரை ஓடவில்லை. கணுக்கால்வரை நனையும்வரை நின்றான். கமலாசனி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆணைக்குழு வந்தது. ஒரே இரவில் தண்ணீர் வயலுக்கு இறங்கிவிட்டதால் அலங்காரக் குளம் சேறாகக் கிடந்தது. கொக்குகள் நூற்றுக்கணக்கில் இறங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தன. இது விலங்கியற் பீடத்தின் செயன்முறை வகுப்பு என்று உபவேந்தர் விளக்கினார். மாணவர் வருகை எப்படி என்று கேட்டார்கள். "நூற்றுக்கு நூறு," என்றார் பதிவாளர். அதில் பொய் இல்லை. பிறகு கமலாசனியை முன்னால் நிறுத்தி, இங்கே ஏதாவது குறை உண்டா என்று ஆணைக்குழுத் தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"தண்ணி வந்திட்டுது, ஒரு குறையுமில்லை," என்றாள் அவள்.

அதை உபவேந்தர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பில் சாக்கிரட்டீஸ் வந்தார், அறிவின் ஊற்று வந்தது, பொதுநலவாய நாடுகள் வந்தன. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு ஆழமாகப் பேசுகிற மாணவியைத் தான் பார்த்ததில்லை என்றார். சர்வகலாசாலை நிலைத்தது.

மேட்டுப் பக்கம் கொஞ்சம் பதர் விழுந்தது. மற்றப்படி நெல் மணி பிடித்தது. அறுவடை முடிந்ததும் உபவேந்தர் ஒரு கூட்டம் கூட்டி, சர்வகலாசாலையின் முதலாவது ஆராய்ச்சி முடிவை உலகுக்கு அறிவித்தார். "நெற்பயிருக்கு நீர் ஊற்றினால் அது விளையும் என்பதை நாங்கள் ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருக்கிறோம்," என்றார். "இதை இதற்கு முன் ஒருவரும் நிறுவியதில்லை. எல்லாரும் நம்பிக்கொண்டு மட்டும் இருந்தார்கள்." சனங்கள் கை தட்டினார்கள். சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்றான் அப்புத்துரை.

வந்த காரியம் முடிந்ததால் கமலாசனி போய்விடுவாள் என்று எல்லாரும் எண்ணினார்கள். பிரியாவிடைக்கு ஒழுங்கு செய்தார்கள். ஆணைக்குழுதான் வந்து போய்விட்டதே. மாலை போட்டு, அங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உபவேந்தர் பெருந்தன்மையோடு கேட்டார்: "போவதற்கு முன் சர்வகலாசாலையிடம் இன்னும் ஏதாவது வேண்டுமா, பிள்ளை?"

கமலாசனி தயங்கினாள். கொஞ்சநாளாக மாடு கறக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்தப் பச்சை அறை கண்ணுக்குள் நின்றது. இரண்டு இறகுகள் ஏன் கைகோத்து நின்றன என்று யாரிடமும் கேட்கவில்லை. முந்தின நாள்தான் மனதிலிருந்ததை அப்புத்துரையிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவன், "கேளுமன்," என்றிருந்தான்.

"எனக்குப் படிக்க வேணும் ஐயா," என்றாள்.

உபவேந்தர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் பீடாதிபதிகளைப் பார்த்தார். சர்வகலாசாலையின் வரலாற்றில், வன்னியரசர் காலத்திலிருந்து, இப்படி ஒரு கோரிக்கை வந்ததில்லை. மூதவையை அவசரமாகக் கூட்ட வேண்டும் என்று உபவேந்தர் கட்டளையிட்டார். எல்லாரும் கவலையோடு மூதவை மண்டபத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தில்லைநாதன் மட்டும் வெளியே நின்றான். அவனுக்கு அங்கே வாய் திறக்க உரிமை இல்லையே. கமலாசனியும் மாலையோடு நின்றாள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அவன், "வாங்கோ அக்கா," என்று விரிவுரை மண்டபத்துக்கு நடந்தான். கரும்பலகையைத் துடைத்தான். அது ஒருநாளும் எழுதப்படாததால் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. அவள் முன் வாங்கில் இருந்தாள். அவன் வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்தான்.

"நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் படிப்பிச்சதில்லை," என்றான்.

"நானும் இஞ்சை இன்னும் படிக்கேல்லை, சேர். மெதுவாச் சொல்லுங்கோ," என்றாள் கமலாசனி.

அவன் பலகை முழுவதும் ஒரு நெற்பூவை வரைந்தான்.

அனுமதியில்லாமல் விரிவுரை மண்டபத்தில் யாரோ கதைக்கிற சத்தம் கேட்கிறதென்று மூதவையிலிருந்து பஸ்தியாம்பிள்ளையை அனுப்பினார்கள். அவர் வந்து கதவடியில் நின்றார். மகரந்தம் காற்றில் எப்படிப் போகிறது என்று தில்லைநாதன் சொல்லிக்கொண்டிருந்தான். காற்றைப் பற்றி என்றால் கடற்கரை ஆள் கேட்காமல் இருப்பாரா? தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின் வாங்கில் இருந்தார். போனவரைக் காணவில்லையென்று பதிவாளர் வந்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்து, கேட்டு, பதிலுக்காக உட்கார்ந்தார். பதிவாளரைத் தேடி மொழியியற் பேராசிரியர் வந்தார். அவரைத் தேடி விவசாயப் பேராசிரியர் வந்தார். பலகையிலிருந்த பூவைக் கண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் போய்க் கமலாசனிக்குப் பக்கத்தில் இருந்தார். வாழ்கிற பயிரைப் பற்றி அவர் கேள்விப்பட்டு வெகுகாலம். அவரைத் தேடி வந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வாங்குகளில் இருந்துவிட்டார்கள்.

விரிவுரை முடிந்து வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மூதவை மண்டபத்து யன்னலால் கமலாசனி பார்த்தாள். நீண்ட மேசையின் தலைமாட்டில் உபவேந்தர் தனியே இருந்தார். மற்றக் கதிரைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கூட்டத்தைக் கலைப்பதென்றால் யாராவது ஒருவர் பிரேரிக்க வேண்டும். பிரேரிக்க அங்கே ஒருவரும் இல்லை. விதியை மீறி எழுந்து போகிற ஆள் அவர் அல்லர்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. பஸ்தியாம்பிள்ளையிடம் சொன்னாள். அவர் திறப்புக்கோர்வையோடு உள்ளே போய், பணிவாக நின்று, "சேர், பூட்டப் போறன்," என்றார்.

உபவேந்தர் அதைப் பிரேரணையாக ஏற்றுக்கொண்டு, மூதவையைக் கலைத்தார்.